எட்டு மாதம் வாழ்ந்தவரும் இருநூறு வருடத்துப் பள்ளிக்கூடமும்

மட்டக்களப்பு என்றதும் வாவியும் பாடும் மீனும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அந்த ஊர் மெதடிஸ்த திருச்சபைக்கு இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருப்பது வெளியூரில் அதிகம் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் இரண்டு கட்சியாகத்தான் பேசுகிறார்கள். ஒரு கட்சிக்கு மிஷனரிமார் கல்விக்கண் திறந்த மகான்கள். மறு கட்சிக்கு அவர்கள் மதம் மாற்ற வந்தவர்கள், பள்ளிக்கூடம் வெறும் தூண்டில். இரண்டுமே பாதிக் கதை.

நடந்தது இதுதான். 1813 டிசம்பர் கடைசியில் தோமஸ் கோக் என்ற 66 வயதுப் போதகரின் தலைமையில் சில மிஷனரிமார் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறினார்கள். 1814 மே மாதத்தில் கோக் நடுக்கடலிலேயே இறந்துபோனார். கூட வந்த வில்லியம் ஓல்ட் அதே பயணத்தில் மனைவியைப் பறிகொடுத்தார். ஜூன் 29ஆம் திகதி காலியில் கரையிறங்கியவர்கள் பிறகு வெவ்வேறு ஊர்களுக்கெனப் பிரிந்தார்கள். ஓல்டுக்குக் கிடைத்தது மட்டக்களப்பு. தனியாகத்தான் போனார். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி அங்கேயே இறந்தார். அவர் அந்த ஊரில் வாழ்ந்தது ஏறத்தாழ எட்டு மாதம். அதற்குள் எட்டுப் பாடசாலைகளைத் தொடங்கினார் என்று சொல்வார்கள்.

சரி, பள்ளிக்கூடம் ஏன் முதலில் வந்தது? அன்றைய ஆளுநர் பிரவுன்றிக்கின் அரசுக்கு ஆங்கிலம் தெரிந்த உள்ளூர் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆங்கிலம் கற்பித்தால் மிஷனரிமாருக்கு உதவித்தொகை தருவதாக அரசு சொன்னது. மிஷனரிமாருக்கோ பிரசங்கம் பண்ண ஒரு வாசல் வேண்டும். ஆகவே தூண்டில் என்பவர்கள் முழுப்பொய் சொல்லவில்லை.

ஆனால் கணக்கை 1815இலேயே முடித்துவிட முடியுமா? ஒரு வியாபாரத்தின் இலாப நட்டத்தை முதலாளி என்ன நினைத்துக் கடை திறந்தார் என்பதை வைத்து யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் யார் கையில் என்ன மிஞ்சியது என்றுதான் பார்ப்பார்கள்.

மட்டக்களப்பில் மிஞ்சியது என்ன? 1814ஐத் தன் தொடக்கமாகச் சொல்லும் மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1820இல் தொடங்கிய வின்சன்ட் பெண்கள் பாடசாலை. அந்தக் காலத்தில் பெண் பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்காத வீடு குறைவு. 1960களின் தொடக்கத்தில் அரசு மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது திருச்சபையின் பிடி போனது, பள்ளிக்கூடங்கள் போகவில்லை. திருச்சபை இன்றும் ஊரில் சிறுபான்மைதான். அந்த வகுப்பறைகளிலோ இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் படித்து வெளியேறியிருக்கிறார்கள்.

மதம் மாற்றுவதுதான் நோக்கம் என்றால் அது பெரும்பாலும் தோற்றுப்போனது. தோற்ற நோக்கத்தின் பக்கத்தில் வேறொன்று வளர்ந்து நின்றது. ஒரு கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, தன் கூட்டத்தில் சேராதவனுக்கு அது என்ன கொடுத்தது என்று கேட்பதுதான் நியாயமான கேள்வி. மட்டக்களப்பின் இந்தச் சிறிய சபையிடம் அதற்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. மற்றவையும் தத்தம் கணக்கைக் காட்டட்டும்.