குளுகுளு ஏற்காட்டிலும் தார்ப்பாய் பொடிப்பொடியா உதிர்வது ஏன்? பிளாஸ்டிக்கை கதிர்வீச்சு என்ன செய்யும்?

சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையில் இருக்கும் மாரமங்கலம் மாதிரியான ஊர்களில் காபி, மிளகு காயப்போட தார்ப்பாய் இல்லாமல் முடியாது. வாங்கும்போது கெட்டியாக இருக்கும். சில வெயில் காலம் போனால் மடிப்பிலேயே கிழியும், கையில் மாவு மாதிரி ஒட்டும். 'மட்டமான சரக்கு' என்று கடைக்காரரைத் திட்டுவோம். அது பாதி உண்மை. மீதிக்குக் காரணம் கதிர்வீச்சு.

கதிர்வீச்சா? அணு உலை எங்கே இருக்கு?

அணு உலையே வேண்டாம், சூரியன் போதும். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10% கூடும். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று குளிராக இருப்பதால் கதிர் குறைவு என்று நினைப்பது தவறு. அதே நேரம், சேலத்தைவிட மலையில்தான் பிளாஸ்டிக் சீக்கிரம் கெடும் என்றும் சொல்லிவிட முடியாது. வெப்பமும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், அது கீழேதான் அதிகம். மலையில் பனிமூட்டம் கதிரைக் கொஞ்சம் மறைக்கவும் செய்யும்.

உள்ளே என்ன நடக்குது?

பிளாஸ்டிக் என்பது நீளமான பாலிமர் சங்கிலிகள் பின்னிக்கிடக்கும் பொருள். சங்கிலி நீளமாக இருக்கும்வரை இழுத்தால் வளைந்து கொடுக்கும். புற ஊதாக் கதிர் பட்டு ஒரு பிணைப்பு அறுந்தால், அந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். அது பக்கத்துப் பிணைப்பையும் அறுக்கும். சங்கிலி துண்டு துண்டானதும் வளையும் தன்மை போய், அப்பளம் மாதிரி நொறுங்கும்.

சுத்தமான பாலிஎத்திலீன் புற ஊதாக் கதிரை அவ்வளவாக உறிஞ்சாது. அதில் கலந்த அசுத்தமும், ஏற்கெனவே ஆக்சிஜன் ஏறிய இடங்களும்தான் உறிஞ்சும். ஒருமுறை உருக்கி மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கில் இப்படிப்பட்ட இடங்கள் அதிகம். கூடவே பாலிபுரொப்பிலீனும் கலந்திருந்தால் சிக்கல் இரண்டு. அது வெயிலுக்கு இன்னும் வேகமாகக் கெடும். பாலிஎத்திலீனோடு முழுசாகக் கலக்கவும் கலக்காது. எண்ணெயும் தண்ணியும் மாதிரி தனித்தனியாக நிற்கும். விரிசல் பெரும்பாலும் அந்த எல்லையில்தான் விடும்.

அதே கதிர் பலமும் தரும்

இதுதான் ஆச்சரியமான பகுதி. காமா கதிரோ எலக்ட்ரான் கற்றையோ பட்டால், பாலிஎத்திலீன் சங்கிலிகள் அறுவதைவிட ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதுதான் அதிகம். வெப்பம் தாங்கும் மின்கம்பி உறைகளை இப்படித் தயாரிக்கிறார்கள். பாலிபுரொப்பிலீன் நேர் எதிர், அறுந்துபோகும். மும்பை டிராம்பேயில் 1974 முதல் இயங்கும் ஐசோமெட் மையத்தில் மருத்துவப் பொருட்களை காமா கதிரால் கிருமி நீக்குகிறார்கள். இதற்கு வழக்கமான அளவு 25 கிலோகிரே. சாதாரண பாலிபுரொப்பிலீன் சிரிஞ்சு இந்த அளவிலேயே மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும், அதனால் தனி வேதிப்பொருள் சேர்த்துச் செய்கிறார்கள். கதிர் பட்ட சிரிஞ்சில் கதிரியக்கம் தங்காது, பயம் வேண்டாம்.

கலக்காத இரண்டு பிளாஸ்டிக்குகளின் எல்லையைக் கதிரால் கோத்து, குப்பையை உறுதியான பொருளாக்க முடியுமா? சர்வதேச அணுசக்தி முகமை 2021-ல் தொடங்கிய 'நியூடெக் பிளாஸ்டிக்ஸ்' திட்டத்தில் இந்த வழியும் அடக்கம். இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸில் முன்னோட்ட முயற்சிகள் நடக்கின்றன. ஏற்காட்டுக் குப்பைக்கு அது இப்போதைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

தண்ணீர்க் குழாய் கருப்பாக இருப்பது அழகுக்காக இல்லை. அதில் சுமார் 2 முதல் 3% கார்பன் கரி சேர்த்திருப்பார்கள், அது கதிரை உள்ளே விடாது. கலர் தார்ப்பாய் என்றால் 'யூ.வி. பாதுகாப்பு' போட்டிருக்கா என்று கேளுங்கள். அந்த மருந்தும் வெயிலில் மெல்லத் தீர்ந்துபோகும், வேலை இல்லாத நாளில் மடித்து நிழலில் வைத்தால் ஆயுள் கூடும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடை செய்த 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்கில் தார்ப்பாய் இல்லை. அதனால் கிழிந்ததை யாரும் வந்து கேட்கப்போவதில்லை. மாவாக உதிரத் தொடங்கும் முன்பே காயலான் கடைக்குப் போட்டால் ஏதாவது விலை கிடைக்கலாம். உதிர்ந்த பிறகு அள்ள முடியாது, அடுத்த மழைக்கு அது காபித் தோட்டத்து மண்ணிலும் ஓடையிலும் இருக்கும்.