கறிச்சோறும் அம்பு பட்ட புனிதரும்

திண்டுக்கல் முத்தழகுபட்டியில் ஆகஸ்டில் நடக்கும் செபஸ்தியார் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்களும் சேவல்களும் அரிசி மூட்டைகளும் வந்து குவியும். விடிய விடியச் சமைத்து, சாதி மதம் பாராமல் கறிச்சோறு போடுவார்கள். கொள்ளைநோயிலிருந்து காப்பவர் என்று கத்தோலிக்கர்கள் நம்பும் இந்தப் புனிதர், அம்புகளுக்குத் தப்பியும் பிறகு அடித்தே கொல்லப்பட்டார் என்கிறது மரபு. தன் உயிரையே காத்துக்கொள்ளாதவரிடமா காவல் கேட்பது? கேட்கிறார்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. வலி தெரிந்தவரிடம்தானே வலியைச் சொல்ல முடியும்? சிலுவையில் தொங்கியவரும் ஏன் கைவிட்டீர் என்று கேட்டவர்தான். ஆனால், கிணறு வற்றிப்போன விவசாயியிடமும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமும் போய் “உனக்கு விசுவாசம் பத்தாது” என்று சொல்லும் பிரசங்கியார்களை என்னால் பொறுக்க முடிவதில்லை. விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதைத்தான். அவரிடம் குற்றம் தேடினார்கள். கடைசியில் கடவுளின் கோபம் மூண்டது அந்த நண்பர்கள்மீதுதான். குற்றம் தேடத் தொடங்குவதற்கு முன்பு ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரைக்கும் சரி. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அதை மட்டும் செய்யுங்கள்.