சத்தமில்லாமல் உதிரும் செல்கள்

டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தாவின் வலது கை, மடியில் சும்மா கிடக்கும்போது மட்டும் நடுங்குகிறது. டம்ளரை எடுத்தால் நடுக்கம் குறைந்துவிடுகிறது. “வயசானா அப்படித்தான்” என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஆனால், பார்க்கின்சன் எனும் உதறுவாதம் பலருக்கு இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

நடுமூளையில் ‘சப்ஸ்டான்ஷியா நைக்ரா’ என்று ஒரு கரிய திட்டு உண்டு. உடல் அசைவைச் சீராக்கும் டோபமைனைச் சுரப்பவை அங்கிருக்கும் நரம்புச் செல்கள். கை நடுங்கத் தொடங்கும் நாளில் அவற்றில் கணிசமான பங்கு ஏற்கெனவே செத்துப்போயிருக்கும்.

எப்படிச் சாகின்றன? ஒரு வழி, செல்லுக்குள்ளேயே எழுதப்பட்ட மரணம். இது கெட்ட விஷயமும் அல்ல. கருவில் குழந்தையின் கை முதலில் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். இடையில் உள்ள செல்கள் தாமாக மடிந்த பிறகுதான் விரல்கள் பிரிகின்றன. தலைப்பிரட்டை வாலை இழப்பதும் இப்படித்தான். 1972-ல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலாஸ்டர் கர்ரி மூவரும் இதற்கு ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டார்கள். இலை உதிர்வதைச் சொல்லும் கிரேக்க வார்த்தை அது. பொருத்தமான பெயர்தான். அடிபட்ட செல் வீங்கி வெடிக்கும். உதிரும் செல்லோ சுருங்கி, துண்டுகளாகி, பக்கத்துச் செல்களுக்கு இரையாகிவிடும். தோலிலும் குடலிலும் அந்த இடத்துக்குப் புதுச் செல் வந்துவிடும். மூளையில் இழந்த நரம்புச் செல்லுக்குப் பெரும்பாலும் மாற்று ஆள் கிடையாது.

அப்படியானால் இந்த மரணத்தைத் தடுத்துவிட்டால் போதுமே? விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளின் மாத்திரை செல் மரணத்தைத் தள்ளிப்போடுவதை எலிகளில் பார்த்தார்கள். தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் ஏ.எல்.எஸ். நோயாளிகள் 412 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 2007-ல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, மருந்து சாப்பிட்டவர்களுக்கே உடல்நிலை வேகமாகச் சரிந்திருந்தது! உதறுவாதத்துக்காகச் சுமார் 800 பேரிடம் சோதித்த இன்னொரு மருந்தும் பலன் தராமல் 2005-ல் நிறுத்தப்பட்டது.

எலியை நம்பி மனிதருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது ஒரு பாடம். இன்னொன்றும் உண்டு. உதிர்வது கடைசிக் கட்டம். அதற்கு வெகுமுன்பே ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் செல்லுக்குள் கட்டிகட்டியாகத் தேங்குகிறது, சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா தள்ளாடுகிறது. வேர் அழுகிய மரத்தில் இலையை மட்டும் ஒட்டிவைத்து என்ன பயன்? ஆராய்ச்சி இப்போது வேர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், கனவில் கை காலை உதைத்துக் கத்துவது போன்றவை நடுக்கத்துக்குப் பல வருடங்கள் முன்பே சிலருக்கு வருவதால், அவற்றையும் கவனிக்கிறார்கள். (மலச்சிக்கல் உள்ள எல்லோரும் பதற வேண்டாம். பெரும்பாலும் காரணம் வேறு.)

இன்று தரப்படும் லெவோடோபா மாத்திரை, செல் சாவதை நிறுத்துவதில்லை. குறைந்துபோன டோபமைனை ஈடுகட்டுகிறது, அவ்வளவே. அதனால்தான் சில வருடங்களில் அளவையும் நேரத்தையும் டாக்டர் மாற்றவேண்டி வருகிறது. “மருந்து வேலை செய்யலை” என்று வீட்டிலேயே முடிவுகட்டி சட்டென்று நிறுத்தினால், உடல் விறைத்து, கடும் காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தாகலாம்.