ஸ்டெபிலைசர் வாங்கும் முன் பின்பக்கம் பாருங்கள்



எட்டாம் வகுப்பில் ஒரு பையன், "சார், ரெகுலேட்டரும் ஸ்டெபிலைசரும் ஒண்ணா?" என்று கேட்டான். "ரெண்டும் வோல்டேஜைச் சரி பண்றதுதான், உட்காருடா" என்றேன். அந்தப் பதிலை இன்று திருத்திக்கொள்கிறேன்.

காரணம் என் தங்கை. கடைக்காரர் பேச்சைக் கேட்டு புது டிவிக்கு ஸ்டெபிலைசர் வாங்கினாள். பழைய ஃப்ரிட்ஜை நேராகச் சுவர் பிளக்கில் விட்டுவிட்டாள். மே மாதம் ராத்திரியில் தெருவெல்லாம் ஏசி ஓடும், வோல்டேஜ் இறங்கிவிடும். ஒருநாள் கம்ப்ரஸர் எரிந்துபோனது. உள்ளே அவளுடைய இன்சுலின். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து. விடியற்காலையில் ஐஸ் டப்பாவோடு ஓடி, என் வீட்டு ஃப்ரிட்ஜில் கொண்டுவந்து வைத்தோம்.

வித்தியாசத்தைச் சொல்கிறேன். ஸ்டெபிலைசர் வெளியே நிற்கும் காவல்காரர். வரும் மின்சாரம் குறைந்தால் உள்ளே ரிலே 'டக்' என்று மாறி, டிரான்ஸ்ஃபார்மரின் வேறு சுற்றுக்குத் தாவும். 230-க்குப் பக்கத்தில் கொண்டுவரும், அச்சு அசலாக அல்ல. ரொம்ப மிஞ்சினால் துண்டித்துவிடும்.

வோல்டேஜ் ரெகுலேட்டர் கருவிக்குள்ளேயே இருக்கும் சுற்று. வெளியே ஏறினாலும் இறங்கினாலும், கொடுக்கும் அளவை ஓயாமல் கவனித்து ஒரே எண்ணில் பிடித்து வைக்கும். போன் சார்ஜர் 5 வோல்ட் தருவது அப்படித்தான். ஃபேன் ரெகுலேட்டர் பேரில்தான் ரெகுலேட்டர்; வேகத்தைக் குறைக்குமே தவிர வோல்டேஜைப் பிடித்து வைக்காது. லோ வோல்டேஜில் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்களே!

தங்கை வீட்டு டிவியின் பின்னால் 100–240 வோல்ட் என்றே போட்டிருக்கிறது. இறக்கத்தை அதுவே சமாளிக்கும். பழைய ஃப்ரிட்ஜின் மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. வோல்டேஜ் குறைந்தால் கிளம்பத் திணறி, அதிக கரண்ட் இழுத்து, சூடாகிக் கருகும்.

என் கருத்து இதுதான்: "எல்லாத்துக்கும் ஒரு ஸ்டெபிலைசர்" என்பது கடைக்குத்தான் லாபம். பொருளைத் திருப்பி ஸ்டிக்கரைப் படியுங்கள். 100–240 என்றிருந்தால் லோ வோல்டேஜுக்காகத் தனியாக வாங்க வேண்டாம். 220–240 என்று மட்டும் போட்ட பழைய மோட்டார் சாமான் என்றால், அதன் வாட்டுக்குப் பொருந்துவதாக வாங்குங்கள். தினமும் வோல்டேஜ் இறங்கினால், தெருவோடு சேர்ந்து ஈபி-யில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்கு வீடு பெட்டி வைப்பது அதற்குத் தீர்வாகாது.

அந்தப் பையன் இதைப் படித்தால்: தம்பி, நீ கேட்டது நல்ல கேள்வி. உட்காரச் சொன்னது என் தப்பு.

அன்புடன்,
உங்கள் சார்