முடிவெடுப்பவருக்கு யார் பயிற்சி தருவது?

ஃபகாரி எரிமலைத் தீவு வழக்கில் நியூசிலாந்து உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரி 28 அன்று அளித்த தீர்ப்பை, நில உரிமையாளர்களுக்குக் கிடைத்த விடுதலை என்று மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். 2019 டிசம்பர் 9 வெடிப்பில் 22 பேர் இறந்தார்கள். தீவின் உரிமையாளர் நிறுவனம் குற்றவாளி என்று 2023இல் கீழ் நீதிமன்றம் சொன்னது. அது இப்போது ரத்தாகிவிட்டது. சுற்றுலா நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து, அதற்குக் கட்டணம் வாங்கியதால் மட்டும் ஒருவர் அந்தப் பணியிடத்தை நிர்வகிப்பவராகவோ கட்டுப்படுத்துபவராகவோ ஆகிவிடமாட்டார், அன்றாட நடவடிக்கைகளில் அவருடைய கை இருந்திருக்க வேண்டும் என்று 2015 பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவுக்கு நீதிபதி சைமன் மூர் பொருள் கொண்டார். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இது கசப்பான முடிவு. ஆனாலும் இந்த இதழின் கருத்தில் தீர்ப்பு சரியானது. நிலத்துக்காரர், உரிமம் கொடுத்தவர், ஆளைக் கூட்டிச் சென்றவர் என்று எல்லோர் தலையிலும் பொறுப்பைச் சமமாகப் பரப்பினால் அது யார் தலையிலும் கனக்காது. இன்றைக்குப் படகு புறப்படலாமா என்று தீர்மானித்தவர் யார் என்ற கேள்வியை இந்தத் தீர்ப்பு முன்னுக்குக் கொண்டுவருகிறது. நாம் பல ஆண்டுகளாகக் கேட்டு வரும் கேள்வியும் இதுதான்.

தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. அதன் அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்பதற்கு அது தடையில்லை. 2018 மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளின்படி வனத்துறை பெரும்பாலும் அனுமதி கொடுக்கும் இடத்தில் இருந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியதும் அந்த நிலை மாறிவிட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு முன்பதிவை அரசே நடத்துகிறது. கட்டணம், பாதை, உடன் வரும் கைடு எல்லாம் அரசின் ஏற்பாடு. மூர் சொன்ன பொருளில் இதற்கு நடத்துபவர் என்றே பெயர். அனுமதி மட்டும்தான் கொடுத்தோம் என்ற பழைய பதில் இந்த 40 பாதைகளிலும் இனி எடுபடாது. தனியார் ஆபரேட்டர்களுக்கும் இதே அளவுகோல்தான். ரேஞ்சர் கையெழுத்திட்ட பெர்மிட் பையில் இருப்பது அவர்களுக்குக் கேடயமாகாது. நம் நீதிமன்றங்களும் இந்தப் பக்கம் ஏற்கெனவே நகர்ந்துவிட்டன. 2014 ஜூனில் லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் பியாஸ் ஆற்றில் ஹைதராபாத் மாணவர்கள் 24 பேரை அடித்துச் சென்றது. அந்த வழக்கில் இமாச்சல் உயர் நீதிமன்றம் இழப்பீட்டின் பெரும்பங்கை மின்வாரியத்தின் மீது சுமத்தியது. ஆனால் மாணவர்களை அனுப்பிவைத்த கல்லூரியையும் 30 சதவீதம் ஏற்கச் சொன்னது. ஆற்றங்கரைக்கே வராதவர்கள் எடுத்த முடிவுக்கும் நீதிமன்றம் விலை வைத்தது.

அப்படி முடிவெடுக்கும் நிகழ்ச்சி மேலாளரை இந்தத் துறையில் யார் பயிற்றுவிக்கிறார்கள்? டார்ஜிலிங்கில் 1954 முதலும் உத்தரகாசியில் 1965 முதலும் மலையேற்ற நிறுவனங்கள் இயங்குகின்றன. அடிப்படை, மேல்நிலை, பயிற்றுமுறை, தேடல் மீட்பு என்று அவற்றின் பெயர்பெற்ற படிப்புகள் நான்கும் மலை மேல் நிற்பவருக்கானவை. ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்துக்காகப் பழங்குடி இளைஞர்களுக்கும் காட்டோரக் கிராமத்தாருக்கும் பயிற்சி தந்தது நல்ல காரியம். அதை மனமாரப் பாராட்டுகிறோம். அதுவும் மலை மேல் நிற்பவருக்கான பயிற்சிதான். விபத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தால் இந்தக் குறை எவ்வளவு பெரியது என்று புரியும். ஃபகாரியில் எச்சரிக்கை நிலை 2க்கு உயர்த்தப்பட்டது நவம்பர் 18இல், அதாவது வெடிப்புக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு. அந்த மூன்று வாரமும் படகுகள் போய்வந்தன. அதைத் தீர்மானித்தவர்கள் பயணிகளோடு நடந்த கைடுகள் அல்லர். 2008 ஏப்ரல் 15இல் மாங்காடெபோபோ பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் ஆறு மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொண்டுபோனது. அந்தப் பயணத்தை நடத்தியது 1972இல் தொடங்கிய, நியூசிலாந்தே மதித்த ஒரு மையம். கனமழை அறிவிப்பு இருந்த நாளில், பணிக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன பயிற்றுநரிடம் ஒரு பள்ளிக் குழுவை ஒப்படைத்து மலையிடுக்குக்குள் அனுப்பும் முடிவு, காலையில், கூரைக்குக் கீழே எடுக்கப்பட்டது.

லைம் பே இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 1993 மார்ச் 22இல் இங்கிலாந்துக் கடலில் கயாக் பயணம் போன நான்கு பதின்வயதினர் இறந்தார்கள். அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, பாதுகாப்பைச் சரிசெய்யாவிட்டால் உயிர் போகும் என்று, பயணத்தை நடத்திய நிறுவனத்திலிருந்து விலகிய பயிற்றுநர்கள் நிர்வாக இயக்குநருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். 1994இல் அந்த இயக்குநர் சிறைக்குப் போனார். ஆங்கிலேயச் சட்ட வரலாற்றில் கொலைக் குற்றமாகாத மரணத்தை விளைவித்ததற்காக ஒரு நிறுவனம் முதன்முதலாகத் தண்டிக்கப்பட்டதும் இந்த வழக்கில்தான். அந்த நிறுவனம் சிறியது. சிறியது என்பதால்தான் முடிவெடுத்த ஆளை நீதிமன்றத்தால் நேரே சுட்டிக்காட்ட முடிந்தது. 1987 செப்ரூகெ கப்பல் விபத்தில் பெரிய நிறுவனத்தின் மீதான வழக்கு நிற்காமல் போனதை இதோடு வைத்துப் பார்க்கலாம். இரண்டு பேர் நடத்தும் ட்ரெக்கிங் குழுவுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குழு சிறியதாக ஆக ஆக, சட்டத்தின் விரல் தலைவரைச் சீக்கிரம் தொடும். கைடும் மேலாளரும் ஒரே ஆளாக இருப்பதால் மேலாளர் வேலை இல்லாமல் போய்விடுவதில்லை. அதற்கான நேரம்தான் இல்லாமல் போகிறது.

லைம் பேயையும் மாங்காடெபோபோவையும் விபத்துக் காரணங்களை அடுக்கடுக்காகக் காட்டும் ராஸ்முசனின் வரைபடத்தில் ஏற்றி ஆராய்ந்த ஆய்வாளர் பால் சாமனும் அவருடன் பணியாற்றியவர்களும் காரணங்கள் மேலே ஏறி நிர்வாகம், ஒழுங்குமுறை, அரசு வரை போவதைக் காட்டினார்கள். அந்த இரண்டு நாடுகளும் இந்தப் பாடத்தைச் சட்டமாக்கின. பிரிட்டன் 1995இல் தனிச் சட்டம் இயற்றி உரிம ஆய்வைக் கொண்டுவந்தது. நியூசிலாந்து 2011இல் நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாண்மையையே தணிக்கைக்கு உட்படுத்தியது. இயற்கைச் சீற்றத்தின் ஆபத்தை மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் ரத்து செய்யும் கடமையையும் 2024 ஏப்ரல் முதல் சேர்த்தது. அங்கே சட்டத்தின் பார்வை கயிற்றைப் பிடிப்பவரிடமிருந்து கால அட்டவணையைப் பிடிப்பவரிடம் போயிருக்கிறது.

இங்கே குரங்கணிக் காட்டுத்தீயில் 23 உயிர்கள் போன பிறகும் அந்தப் பார்வை நகரவில்லை. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள மனம் வரவில்லை. 2018 மார்ச் 11க்குப் பிறகு நடந்தவை வரிசையாக நினைவிருக்கின்றன: மலையேற்றத்துக்குத் தடை, அமைப்பாளர்கள் மீது வழக்கு, ரேஞ்சர் இடைநீக்கம், விசாரணை, புதிய விதிகள். அனுமதி வாங்கிய பாதை ஒன்று, போன பாதை வேறு என்று அரசுத் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னது. அது உண்மையாகவே இருக்கட்டும். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது ஒவ்வொரு 10 பாகைச் சாய்வுக்கும் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் அந்தத் தீயைச் சந்தித்த கைடுக்குத் தேர்வுகள் மிகக் குறைவு. தேர்வுகள் இருந்த நேரம் சென்னையில் குழு வண்டி ஏறுவதற்கு முந்தைய நாட்கள். மார்ச் மாதப் புல்வெளியில் காற்று எப்படி வீசும், செயற்கைக்கோள் கண்டறிந்த தீ இடங்களை இந்திய வன அளவை நிறுவனம் அனுப்பும் எச்சரிக்கைக்கு யார் பதிவு செய்திருக்கிறார், அந்த எச்சரிக்கை வந்தால் யாரிடமும் கேட்காமலே பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பவையெல்லாம் மேலாளரின் மேசையில் முடிய வேண்டிய வேலைகள். விதிகளின் எடை முழுக்கப் பதிவு, கட்டணம், பாதை வகைப்பாடு, கைடு ஆகியவற்றின் மீதே விழுந்தது. மேலாளருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கும் துணிவு அரசுக்கு வரவில்லை. கேட்டிருந்தால் அதே கேள்வி மாவட்ட வன அலுவலகத்தில் பாதையைத் திறந்து மூடும் அதிகாரியின் மேசைக்கும் வந்திருக்கும்.

பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடிவிடுகிறோமே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது துறையின் பதில். மூடுவதை எதிர்க்கவில்லை, குரங்கணித் தேதி அந்த 60 நாட்களுக்குள்தான் வருகிறது. ஆனால் நாட்காட்டியில் கோடு போட முடிகிற ஆபத்து இது ஒன்றுதான். வடகிழக்குப் பருவமழையில் ஓர் ஓடை இரண்டு மணி நேரத்தில் கழுத்தளவு ஏறுவதற்குத் தேதி கிடையாது. 2024 மே மாதத்தில், கோடையின் நடுவே, பழைய குற்றாலத்தில் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிரைக் கொண்டுபோனது. வெள்ளியங்கிரியில் ஏறும் பக்தர்கள் மூச்சுத்திணறியும் நெஞ்சுவலி வந்தும் விழுவதற்கும் அரசாணையில் நாள் குறிக்க முடியாது. அங்கெல்லாம் தேவை சூழலை எடைபோட்டு முடிவெடுக்கும் திறன். வானிலை மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கைக்கும் சிவப்புக்கும் இடையில் எந்தப் பாதையை விடலாம், எந்த வயதினரைத் திருப்பி அனுப்பலாம், திரும்பும் நேரத்தை எங்கே வைக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்து, அந்த எழுத்துக்குக் கட்டுப்படும் பழக்கம் வேண்டும்.

பயிற்சி என்றால் இன்னொரு சான்றிதழ், இன்னொரு கோப்பு என்ற சலிப்பு நியாயமானது. நிலையான செயல்முறை (எஸ்.ஓ.பி.) நகல்களை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் அலுவலகங்கள் நமக்குத் தெரியும். நாம் கேட்பது அந்த வகையன்று. அமெரிக்காவில் 1994 முதல் காட்டுவெளி இடர் மேலாண்மைக்கென்றே ஆண்டு மாநாடு நடக்கிறது. அங்கே கூடுபவர்களில் நிர்வாகிகள் நிறைய. நூலிழையில் தப்பிய சம்பவங்களை வெளிப்படையாகப் பேசுவதும், நெருக்கடி நாளை ஒத்திகையாக நடத்திப் பார்ப்பதும் அங்கே வழக்கம். இங்கே அப்படி ஒரு சம்பவத்தை எழுதிக்கொடுத்தால் அதை வைத்தே பெர்மிட்டை ரத்து செய்வார்கள் என்ற அச்சம் ஆபரேட்டர்களிடம் இருக்கிறது. அந்த அச்சத்தைப் போக்க வேண்டியது வனத்துறை. எழுதிக்கொடுத்ததற்காகத் தண்டனை கிடையாது என்ற உறுதியை எழுத்தில் தராமல் எந்தப் பதிவேடும் நிரம்பாது. செலவைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் முடியாது. பாதைகள் மூடியிருக்கும் 60 நாட்களும் மேலாளர்கள் ஓய்வாக இருக்கும் காலம். கோவையில் தமிழ்நாடு வன உயர்பயிற்சியகம் இருக்கிறது, வகுப்பறைகளும் இருக்கின்றன. அடுத்த பிப்ரவரியில் அங்கே ஐந்து நாள் முகாம் ஒன்றை அறிவிக்கட்டும். தனியார் ஆபரேட்டர்களும், பள்ளி கல்லூரி முகாம்களை நடத்துபவர்களும், முன்பதிவையும் பாதை திறப்பையும் கையாளும் வனத்துறை அலுவலர்களும் ஒரே வகுப்பில் உட்காரட்டும். முதல் நாள் பாடமாகக் குரங்கணி விசாரணை அறிக்கையை முழுமையாக அவர்கள் கையில் கொடுக்கட்டும்.