தாத்தாவிடம் கேட்கக் கூடாத கேள்வி

ஒன்பதாம் வகுப்பில் வரலாற்றுக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன் நான். தலைப்பு, விடுதலைப் போரில் தமிழர் பங்கு. கட்டுரையை எழுதியது தமிழ் ஐயா. நான் மூன்று நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்து, போட்டியன்று ஒரு காற்புள்ளி விடாமல் தாளில் இறக்கினேன். இரண்டாம் பரிசு வாங்கியவனுக்கும் அவரேதான் எழுதிக் கொடுத்தார் என்பது பிறகு தெரிந்தது. பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அம்மா இன்றும் கடுகு போட்டு வைத்திருக்கிறார். கட்டுரையில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது இதைச் சொல்லக் காரணம், போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவோடு நடந்த சண்டை. அவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். ஜெர்மனியில் பள்ளி மாணவர்களுக்கு நடக்கும் வரலாற்று ஆய்வுப் போட்டி பற்றிச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏண்டா, பொதைச்சதைத் தோண்டுறதுக்குப் பேரு படிப்பா? சின்னப் புள்ளைங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார். இந்தக் கட்டுரை பெரியப்பாவுக்கான பதில். அவரைவிட முப்பது வயது இளையவர்களாக இருந்தும் அவர் மாதிரியே யோசிக்கிற என் நண்பர்களுக்கும் சேர்த்துத்தான்.

அந்தப் போட்டியை 1973இல் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் அன்றைய மேற்கு ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் குஸ்டாவ் ஹைனமான், இன்னொருவர் ஹாம்பர்க் தொழிலதிபர் குர்ட் கோர்பர். இன்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் கலந்துகொள்ளலாம். பொதுவாக ஒரு தலைப்பு தருவார்கள். அதை உங்கள் ஊரிலோ குடும்பத்திலோ வைத்துத் தேட வேண்டும். ஆறு மாத அவகாசம். ஊராட்சிக் காப்பகம், தேவாலயப் பதிவேடு, பழைய செய்தித்தாள், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம். கடைசியில் படைப்போடு இன்னொன்றும் கொடுக்க வேண்டும்: எப்படித் தேடினோம், எங்கே முட்டிக்கொண்டோம் என்று சொல்லும் பணி அறிக்கை. இதுவரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டிருக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஹைனமான் இதைத் தொடங்கியது நாஜிகளைத் தோண்ட அல்ல. ஜெர்மன் வரலாற்றில் ஜனநாயகத்துக்காகப் போராடிய நல்ல முன்னோர்களைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. முதல் போட்டியின் தலைப்பே 1848-49 புரட்சி. "முதல்ல பெருமையைச் சொல்லிக் கொடு" என்கிற பெரியப்பாவின் கட்சிக்கு ரொம்ப தூரமில்லை. ஆனால் ஒரு பிள்ளையிடம் காப்பகத்தின் வழியைக் காட்டிவிட்டால், அது எந்த அலமாரியைத் திறக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது. ஏழே ஆண்டில், 1980இல், போட்டியின் தலைப்பு 'நாஜி காலத்தில் அன்றாட வாழ்க்கை' என்று வந்து நின்றது.

அந்தச் சமயத்தில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் பவேரியாவின் பாஸௌ நகரத்தைச் சேர்ந்த அன்னா ரோஸ்முஸ். அப்போது அவருக்கு இருபது வயது. தன் ஊர் ஹிட்லரை எதிர்த்து நின்ற ஊர் என்று கேட்டு வளர்ந்தவர். அதை நிரூபிக்கத்தான் கிளம்பினார். கிடைத்ததோ வேறு. ஊரில் மரியாதையோடு வாழ்ந்த பெரிய மனிதர்களுக்கு நாஜிக் கடந்தகாலம் இருந்தது. மௌட்ஹவுசன் வதைமுகாமின் கிளைகள் அந்த ஊரிலேயே இருந்தன. காப்பகக் கதவுகள் மூடிக்கொண்டன. கோப்புகளைப் பார்க்க நீதிமன்றம் வரை போனார். மிரட்டல்கள் வந்தன. போட்டி முடிந்தும் அவர் விடவில்லை. 1983இல் புத்தகமாக எழுதினார், மறு ஆண்டு அதற்கு ஷோல் உடன்பிறப்புகள் பெயரிலான பரிசு கிடைத்தது. மைக்கேல் ஃபெர்ஹூஃபன் 1990இல் எடுத்த 'தி நாஸ்டி கேர்ள்' படம் இவர் கதையைத் தழுவியதுதான்.

"பாத்தியா, அந்தப் பொண்ணுக்கு நிம்மதி போச்சுல்ல?" என்றார் பெரியப்பா. போச்சுதான். ஆனால் அவரது நிம்மதியைக் கெடுத்தது வரலாறா, அதை மூடி வைத்தவர்களா? அலுவலகத்தில் சர்வர் விழுந்தால் நாங்கள் முதலில் லாக்கைத்தான் பார்க்கிறோம். லாக்கை அழித்துவிட்டு, 'நமது சிஸ்டம் பாரம்பரியப் பெருமை மிக்கது' என்று யாரும் மெயில் போடுவதில்லை. போட்டால் அன்றைக்கே வேலை போய்விடும். ஊர் விஷயத்தில் மட்டும் அப்படி மெயில் போடுகிறவர்களுக்கு மாலை மரியாதை.

சரி, ஜெர்மனி தோற்ற நாடு, வேறு வழியில்லாமல் செய்தது என்று சொல்லலாம். ரஷ்யாவைப் பாருங்கள். அங்கே மெமோரியல் என்ற அமைப்பு 1999 முதல் இதே போன்ற போட்டியை நடத்திவந்தது. குக்கிராமப் பிள்ளைகள்கூடத் தங்கள் பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதி அனுப்பினார்கள்: யாரை எந்த இரவில் கூட்டிப் போனார்கள், நிலத்தை எப்படிப் பிடுங்கினார்கள், போரிலிருந்து யார் திரும்பவில்லை. 2016 ஏப்ரலில் மாஸ்கோவில் பரிசளிப்பு விழா. வாசலில் ஒரு கூட்டம் நின்று, வந்த பிள்ளைகள் மீது முட்டை வீசியது. நடுவர் குழுத் தலைவரான எழுத்தாளர் லுத்மிலா உலித்ஸ்கயாவின் முகத்தில், சிராய்ப்புக்குப் போடும் பச்சை மருந்தை ஊற்றியது. 2021 டிசம்பரில் மெமோரியலைக் கலைக்கச் சொல்லி ரஷ்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

பள்ளிக்கூடக் கட்டுரைக்கு எதற்கு முட்டை? அந்த முட்டை வீசியவர்கள் வரலாற்றுப் போட்டியின் வலிமையை என் பெரியப்பாவைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். பேராசிரியர் எழுதும் புத்தகத்தை நூலகத்தில் பூட்டிவிடலாம். பேத்தி சாப்பாட்டு நேரத்தில் கேட்கும் கேள்வியை எங்கே பூட்டுவது?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை தப்பாகப் புரிந்துகொண்டு ஒருவர் பெயரைக் கெடுத்துவிட்டால்? கெடுக்கலாம். அதனால்தான் அந்தப் பணி அறிக்கை. எங்கே படித்தாய், யாரிடம் கேட்டாய், எதிலே சந்தேகம் என்று எழுத வைக்கிறார்கள். தப்பு இருந்தால் எந்த இடத்தில் தப்பு என்று சொல்ல முடியும். பெரியவர்களின் மௌனத்தில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது? காட்ஜெட் கடைத் திறப்புவிழா மாதிரி இரண்டாயிரம் ஆண்டுப் பெருமையை ஃபார்வர்டு செய்கிறோமே, அதில் யாராவது பணி அறிக்கை கேட்டோமா?

நம் பிள்ளைகளுக்கு ஆய்வு வராது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்குக் கொடுத்த தலைப்பு 'விடுதலைப் போரில் தமிழர் பங்கு'. அதற்குப் பதிலாக, 'உங்கள் தெருக் கிணற்றில் யாரெல்லாம் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று இருந்தது? தாத்தாவிடம் கேட்டு எழுது' என்று கொடுத்திருந்தால் தமிழ் ஐயாவால் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. மனப்பாடம் செய்திருக்கவும் முடியாது. டிபன் பாக்ஸ் போயிருக்கும், பரவாயில்லை.

சண்டையின் முடிவில் பெரியப்பாவிடம் அந்தக் கேள்வியையே கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அதெல்லாம் அப்போ அப்படித்தாண்டா" என்றார். அதாவது, தெரியும். முப்பத்திரண்டு வருஷம் வரலாறு நடத்தியவருக்கு நன்றாகவே தெரியும். ஒரு பிள்ளைகூட அவரிடம் அதைக் கேட்டதில்லை, ஏனென்றால் கேட்டால் மார்க் கிடையாது.

ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களே, அடுத்த ஆண்டு போட்டிக்குத் தலைப்பு கொடுக்கும்போது இந்த ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். பெரியப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. ரொம்ப நாள் காத்திருக்க முடியாது.