மகளின் பெயர், ஆரக்கிளின் சொத்து

பின்லாந்துக்காரரான மைக்கேல் விடேனியஸின் மூத்த மகள் பெயர் மை. ஸ்வீடன் கூட்டாளிகள் இருவருடன் சேர்ந்து 1995-ல் அவர் உருவாக்கிய டேட்டாபேஸுக்கும் அந்தப் பெயரையே சூட்டினார்: மைஎஸ்க்யூஎல். சில ஆண்டுகளில் அது முழு ஓப்பன் சோர்ஸ் ஆனது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். இன்டர்நெட்டில் கடை விரித்தவர்களில் பலர் கணக்கு வழக்கை அதில்தான் வைத்தார்கள்.

காரணம் வேகம். ஆனால் ஆரம்ப காலத்தில் அந்த வேகம் சும்மா வரவில்லை. ஒரு கணக்கில் பணத்தைக் கழித்து இன்னொன்றில் கூட்டும்போது நடுவில் கரண்ட் போனால், கழித்தது கழித்ததுதான். பிப்ரவரி 31 என்று தேதி கொடுத்தால் தடுக்காது. வெறும் பூஜ்யங்களைப் பதிந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். குமாஸ்தா இப்படிச் செய்திருந்தால் வேலை போயிருக்கும். இந்தக் கண்டிப்பு அதன் வழக்கமான குணமானது 2015-ல்தான்.

போட்டியாளரான போஸ்ட்கிரெஸ்க்யூஎல், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சியின் வாரிசு. மெதுவானது என்று பெயர் வாங்கியது. ஆனால் கணக்கில் கறார்.

தொழில்நுட்ப வித்தியாசம் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. குறையாதது சொந்தக்காரர் விவகாரம். பணப் பரிமாற்றக் குறையை மைஎஸ்க்யூஎல் தீர்த்துக்கொண்டது இன்னோடிபி என்ற பகுதியின் உதவியால். அதை எழுதிய பின்லாந்து கம்பெனியை ஆரக்கிள் 2005-லேயே வாங்கிவிட்டது. 2008-ல் மைஎஸ்க்யூஎல் சுமார் 100 கோடி டாலருக்கு சன் மைக்ரோசிஸ்டம்ஸிடம் போனது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் விழுங்கியது. டேட்டாபேஸ் விற்றே பெரிதான கம்பெனியின் மடியில் ஓர் இலவச டேட்டாபேஸ்! விடேனியஸ் ஐரோப்பிய கமிஷனிடம் முறையிட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. (விற்ற பிறகு அழுவானேன் என்று கேட்டவர்களும் உண்டு.) நிரல் திறந்தே கிடந்ததால் 2009-லேயே அதன் பிரதியிலிருந்து புதிய டேட்டாபேஸைத் தொடங்கிவிட்டார். இளைய மகளின் பெயரில் அது மரியாடிபி.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லை இப்படி விலை பேச முடியாது. பேசுவதற்கு ஆள் இல்லை. பல நாட்டு நிபுணர்கள், பல கம்பெனிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு கூட்டாக வளர்க்கிறார்கள்.

அதற்காக அது குறையற்றது அல்ல. ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரியும் குப்பையாகத் தங்கும். அவ்வப்போது பெருக்க வேண்டும். திருத்தங்களால் கூடும் எழுத்துச் சுமையை ஒரு காரணமாகச் சொல்லித்தான் 2016-ல் ஊபர், தான் மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறியதை விளக்கியது. 2019-ல் கிட்லேப் மைஎஸ்க்யூஎல்லைக் கைவிட்டு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மட்டும் போதும் என்றது.